செம்பனை ஆலையில் டேட்டா பாயிண்டுகளுக்கு அலாரம் வைப்பது எப்படி?

லாபிஸ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. ஆலையில் புதிதாகக் கண்காணிப்பு மென்பொருள் போட்டிருக்கிறார்கள். நானூறுக்கு மேல் டேட்டா பாயிண்டுகள், அதாவது மட்டம், அழுத்தம், வெப்பம் என்று மென்பொருள் பார்க்கும் அளவுகள். பொருத்திக் கொடுத்தவர்கள் எல்லாப் பாயிண்டுக்கும் ஹை ஒன்று, லோ ஒன்று என்று அலாரம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ராத்திரி சிப்டில் மணி ஓயாமல் அடிக்கிறது. பாயிலர்மேன் சத்தத்தையே நிறுத்தி வைத்துவிட்டார். எந்தப் பாயிண்டுக்கு எவ்வளவு வைப்பது, பட்டியல் கிடைக்குமா என்று கேட்கிறார்.

தம்பி, நான் பட்டியல் எழுதித் தந்தால் அது உங்கள் ஆலைக்குப் பொருந்தாது. பக்கத்துத் தோட்டத்து ஆலையின் எண்கூட உங்களுக்கு ஒத்துவராது. தொட்டியின் கொள்ளளவு வேறு, பம்பின் வேகம் வேறு, பாயிலர் வேறு. அதனால் எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை: பாயிலர்மேனைக் குறை சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு மூன்று நான்கு தடவை அடிக்கிற மணியை யாராலும் காது கொடுத்துக் கேட்க முடியாது. அவர் சத்தத்தை நிறுத்தியது ஒழுங்கீனம் என்று மேலே எழுதிப் போடுவதைவிட, எந்தெந்த மணி அவரை அந்த நிலைக்குத் தள்ளியது என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அந்த உட்காரலில் ஒவ்வொரு பாயிண்டாக எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது அடித்தால் ஆள் என்ன செய்வார்? "பார்த்துக்கொள்வார்" என்பது பதில் இல்லை. இரண்டாவது பம்பைப் போடுவார், வால்வைத் திறப்பார், குலையை ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் அடுத்ததைத் தள்ளிப்போடுவார், போர்மேனைக் கூப்பிடுவார் என்று ஒரு செயல் வர வேண்டும். செயல் வராத பாயிண்ட் திரையில் தெரியட்டும், டிரெண்டில், அதாவது நேரப்படி வரையும் கோட்டில், பதிவாகட்டும். அதற்கு மணி வேண்டாம். இது என் சொந்தக் கருத்தும் இல்லை. 2009இல் வந்து 2016இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஏ 18.2 என்ற அலாரம் மேலாண்மைத் தரநிலையும், 2014இல் வந்த ஐஇசி 62682 தரநிலையும் அலாரம் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அடங்கியிருக்கிறது. கழிவுநீர்க் குளத்தின் மட்டம், லேப்பில் எடுக்கும் எண்ணெய் அமிலத்தன்மை, கூலிங் ஃபேன் ஓடுகிறது என்ற தகவல், இதெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பத் தேவையில்லை. காலை அறிக்கையில் வந்தால் போதும்.

சரி, செயல் இருக்கிறது என்று முடிவான பாயிண்டுக்கு எண் எப்படி வைப்பது? இங்கேதான் பலர் தப்பான பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். வழக்கமாக ஓடும் அளவைப் பார்த்து, அதற்குப் பத்து விழுக்காடு மேலே, பத்து விழுக்காடு கீழே என்று வைத்துவிடுகிறார்கள். நீங்கள் மறுமுனையிலிருந்து வாருங்கள். எந்த அளவில் கேடு வரும்? அதைத் தடுக்க ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அந்த நேரத்தில் அளவு எவ்வளவு நகரும்? அவ்வளவு தூரம் முன்னால் மணி அடிக்க வேண்டும்.

பாயிலருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தொட்டி 30 கன மீட்டர் என்று வையுங்கள். பாயிலர் முழு வேகத்தில் மணிக்கு 20 டன் ஆவி எடுக்கிறது என்றால், தண்ணீரும் மணிக்கு ஏறக்குறைய 20 கன மீட்டர் போகிறது. மட்டம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ஃபீட் பம்பு சரியாக உறிஞ்சாது. தண்ணீர் சூடாக இருப்பதால் பம்புக்குள்ளேயே கொதித்துக் குமிழி விட ஆரம்பிக்கும். ஆக, கேடு 20இல். இப்போது ஆளின் நேரம். மணி அடிக்கிறது, திரையைப் பார்க்கிறார், வாக்கிடாக்கியில் சொல்கிறார், ஒருவர் நீர் சுத்திகரிப்புப் பக்கம் நடந்து போய் மாற்றுப் பம்பைப் போடுகிறார். இதற்குப் பத்து நிமிடம். பைப்பில் தண்ணீர் வந்து மட்டம் இறங்குவது நிற்க இன்னும் ஐந்து நிமிடம். மொத்தம் 15 நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் 5 கன மீட்டர் போய்விடும். அது தொட்டியில் 17 விழுக்காடு. இருபதோடு பதினேழைக் கூட்டினால் 37. கொஞ்சம் இடம் விட்டு 40இல் லோ அலாரம் வையுங்கள்.

பொருத்தியவர்கள் இதே தொட்டிக்கு 20இல் வைத்திருப்பார்கள், அது பார்க்க அழகான எண் என்பதால். அந்த மணி அடிக்கும்போது பாயிலர்மேனுக்கு மிச்சமிருக்கும் நேரம் பூஜ்யம். அவருக்குச் செய்ய ஒன்றுமே இல்லாத நேரத்தில் அடிக்கும் மணி அவரைப் பயமுறுத்த மட்டுமே உதவும்.

இதற்குக் கீழே 25இல் லோ-லோ ஒன்று வைக்கலாமா? செயல் வேறாக இருந்தால் வைக்கலாம். 40இல் செயல் மாற்றுப் பம்பு. 25க்கு வந்துவிட்டால் ஐந்து விழுக்காடுதான் மிச்சம், அதாவது ஒன்றரை கன மீட்டர், நாலரை நிமிடம். அப்போது செயல் எரிபொருள் போடுவதை நிறுத்திப் பாயிலர் சுமையைக் குறைப்பது. இரண்டும் வெவ்வேறு வேலை, அதனால் இரண்டு மணிக்கும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

நடந்து போகும் நேரத்தைக் காகிதத்தில் யோசித்து எழுதாதீர்கள். மழை கொட்டும் ராத்திரியில், குடை பிடித்து, குலை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே போகும் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். பகலில் மூன்று நிமிடம் ஆவது அப்போது எட்டு ஆகும்.

அடுத்து டெட்பேண்டும் டிலேயும். உங்கள் ராத்திரிச் சத்தத்தில் பெரும்பகுதி இந்த இரண்டும் இல்லாததால் வருவது என்றுதான் நினைக்கிறேன். பேக் பிரஷர் வெசலைப் பாருங்கள். டர்பைனிலிருந்து வரும் ஆவி அங்கே 3 பார் அளவில் நிற்கிறது. லோ அலாரம் 2.5 பார். ஒரு ஸ்டெரிலைசரின் ஆவி வால்வு திறந்ததும் அழுத்தம் சட்டென்று விழும். 2.49, 2.51, 2.48, 2.52 என்று கோட்டின் மேலேயே ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு மணி, அது போனதற்கு ஒரு வரி. ஒரே நிமிடத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்து போகும் அலாரத்தைத் துறையில் சேட்டரிங் என்பார்கள். அது உங்கள் பட்டியலில் இருக்கவே கூடாது.

டெட்பேண்ட் என்றால், அடித்த அலாரம் அடங்குவதற்கு அளவு கோட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம். தொடக்கத்துக்கு வழக்கமாகச் சொல்லும் அளவுகள்: ஓட்டத்துக்கும் மட்டத்துக்கும் கருவியின் வீச்சில் 5 விழுக்காடு, அழுத்தத்துக்கு 2, வெப்பத்துக்கு 1. அளவை அனுப்பும் உங்கள் டிரான்ஸ்மிட்டர் 0 முதல் 6 பார் என்றால் 2 விழுக்காடு 0.12 பார். ஆக 2.5இல் அடித்தது 2.62க்கு ஏறினால்தான் அடங்கும். நான் சொன்ன ஆட்டம் முழுக்க இப்போது ஒரே அலாரமாகிவிடும்.

அந்த ஒன்றும் தேவையா என்பதை டிலே தீர்க்கும், அதாவது அளவு கோட்டைத் தாண்டிய பிறகும் சிறிது நேரம் பொறுத்து மணி அடிக்க வைப்பது. டிரெண்டை விரித்து, ஸ்டெரிலைசர் திறந்த ஒவ்வொரு தடவையும் அழுத்தம் எத்தனை நொடி 2.5க்குக் கீழே இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். வழக்கமாக நாற்பது நொடியில் தானாகவே ஏறிவிடுகிறது என்றால், ஒரு நிமிட டிலே வைத்தால் மணி அடிக்காது. ஒரு நிமிடத்துக்கு மேலும் ஏறவில்லை என்றால் ஆவி உண்மையிலேயே போதவில்லை. அடுத்த ஸ்டெரிலைசரை நிறுத்தி வைக்க வேண்டும் என்ற செயல் இருக்கிறது, மணியும் அடிக்கிறது. பொதுவாக ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 நொடி, மட்டத்துக்கும் வெப்பத்துக்கும் 60 நொடி என்று தொடங்கச் சொல்வார்கள். தொடங்கத்தான் அது, உங்கள் டிரெண்ட் சொல்வதே கடைசி வார்த்தை. ஃபீட் தொட்டியில் 60 நொடி டிலே வைத்தால் ஒரு விழுக்காடு சொச்சம் நழுவும், 40க்கும் 37க்கும் நடுவே நாம் விட்ட இடம் அதைத் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லா மட்டத்துக்கும் 60 நொடி போட்டுவிடாதீர்கள், முக்கியமாக பாயிலரில் தண்ணீரும் ஆவியும் சேர்ந்து நிற்கும் ஸ்டீம் டிரம்முக்கு. தொட்டியில் இருப்பது மணிக்கணக்கில் வரும் தண்ணீர். டிரம்மில் இருப்பது நிமிடக்கணக்கில் தீர்ந்துபோகும் தண்ணீர். இன்னொரு சிக்கலும் அதில் உண்டு. ஆவித் தேவை திடீரென்று ஏறினால் டிரம் அழுத்தம் இறங்கும்; தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் விரியும்; மட்டம் ஏறியது போலக் காட்டும். உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும்போதே ஹை அலாரம் வரும்! தேவை குறைந்ததும் குமிழிகள் சுருங்கி மட்டம் சரசரவென்று கீழே வரும். ஸ்டெரிலைசர்கள் அடுத்தடுத்துத் திறக்கும் ஆலையில் இது நாள் முழுக்க நடக்கும். அதனால் டிரம் ஹை அலாரத்துக்குச் சில நொடி டிலே கொடுங்கள், லோவுக்கு மிகக் குறைவாக, டிரெண்டைப் பார்த்துப் பாயிலர்மேனோடு பேசி வையுங்கள். குறைநீரில் நெருப்பை நிறுத்தும் கட்ஆஃபும் சேஃப்டி வால்வும் உங்கள் மென்பொருளை நம்பி இருக்கக்கூடாது. அவை தனி வயரிங்கில், தனிக் கருவியில் வேலை செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் பாயிலர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இதில் யார் வந்து வசதி, செலவு என்று பேசினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், நேரத்துக்கு ஏற்ற அலாரம். ஸ்டெரிலைசரில் ஆவியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மூன்றாவது உச்சத்தில் 3 பார் அளவில் பிடித்து வைத்துச் சமைக்கிறோம். நடுவில் அழுத்தம் விழுவது நாமே செய்யும் வேலை. அங்கே சும்மா ஒரு லோ அலாரம் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தப்பாமல் அடிக்கும். ஸ்டெரிலைசரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியிலிருந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற பாயிண்டை எடுத்து, மூன்றாவது உச்சத்தில் பிடித்து வைக்கும் கட்டத்தில் மட்டும் அந்த அலாரம் உயிரோடு இருக்கும்படி நிபந்தனை போடுங்கள். வெந்த பழத்தைச் சூட்டில் மசிக்கும் டைஜெஸ்டருக்கும் அப்படித்தான். 90 டிகிரிக்குக் கீழே போனால் பிரஸ்ஸில் எண்ணெய் நஷ்டம் கூடும், ஆவி வால்வைப் பார்க்க வேண்டும், நியாயமான அலாரம். ஆனால் குலை வராமல் ஆலை நிற்கும் நாளில் டைஜெஸ்டர் ஆறித்தான் கிடக்கும். பிரஸ் மோட்டார் ஓடினால் மட்டும், ஓடத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து மட்டும் என்று கட்டிவிடுங்கள். இப்படிக் கட்டாத ஆலையில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். திங்கள் காலை புதிதாக வரும் ஒரு சிவப்பு அதில் தெரியவே தெரியாது.

எண்கள் சரி, ஆனால் வரும் அளவே பொய்யாக இருந்தால்? இதைப் பலர் தொடுவதே இல்லை. 4 முதல் 20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்மிட்டர், 4 என்றால் 0, 20 என்றால் 40 பார் என்று அளவிட்டிருக்கிறீர்கள். எலி வயரைக் கடித்துவிட்டது. கரன்ட் பூஜ்யம், மென்பொருள் கணக்குப் போட்டு மைனஸ் 10 பார் என்று காட்டும், லோ அலாரம் அடிக்கும். பாயிலர்மேன் அழுத்தத்தைத் தேடி ஓடுவார், போக வேண்டியது நீங்கள். ஆட்டோமேஷன் பயனர்கள் அமைப்பான நாமுரின் என்.இ. 43 என்ற பரிந்துரைப்படி 3.6க்குக் கீழும் 21க்கு மேலும் வரும் கரன்ட் கருவிக் கோளாறு. அந்த எல்லையைப் பிடித்து, "கருவி பழுது" என்று தனி அலாரமாகப் பராமரிப்புக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தில் லோ, ஹை இரண்டும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாட்பஸ் என்ற தகவல் தொடர்பு முறை வழியாக வரும் பாயிண்டில் குறியுள்ள எண், குறியில்லாத எண் என்ற அமைப்பையும் பாருங்கள். மைனஸ் 1 என்று வர வேண்டியது 65535 என்று வந்து நின்றால் ஹை அலாரம் அடிக்காமல் என்ன செய்யும்?

நகராத அளவும் பொய்தான். எண்ணெயைக் கசடிலிருந்து பிரிக்கும் கிளாரிஃபயரில் எண்ணெய்க் கசடு மூடிய சென்சார் மணிக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு, எந்தக் கோட்டையும் தொடாமல், நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். ஸ்கேடா-எல்டிஎஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளில் ஒரு பாயிண்டுக்கு ஈவென்ட் டிடெக்டர், அதாவது அலாரத்தை எழுப்பும் நிபந்தனை, சேர்க்கும்போது, மேல் எல்லை, கீழ் எல்லை தவிர இவ்வளவு நேரம் மாற்றமே இல்லை, இவ்வளவு நேரம் புது அளவே வரவில்லை என்ற வகைகளும் இருக்கும். முக்கியமான பாயிண்டுகளுக்கு அவற்றைப் போடுங்கள். மற்ற மென்பொருள்களிலும் வேறு பெயரில் இது இருக்கும்.

நம் பக்கத்து மின்னலை மறக்க வேண்டாம். சாயங்கால இடியில் ஒரு கம்யூனிகேஷன் கன்வர்ட்டர் போனால், அதன் பின்னால் இருக்கும் எண்பது பாயிண்டும் ஒரே நொடியில் கெட்டுப்போகும். எண்பது அலாரம் வேண்டாம், "ஸ்டெரிலைசர் பிஎல்சி தொடர்பு இல்லை" என்ற ஒன்று போதும். தொடர்பு அலாரம் எழுந்தால் அதன் கீழுள்ளவை அடங்கும்படி கட்டுங்கள். வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவனில் இருந்த டெக்சாகோ சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24 அன்று நடந்ததும் மின்னல் புயலில்தான் தொடங்கியது. ஒரு வால்வு மூடிக் கிடந்தது, திரை திறந்திருப்பதாகக் காட்டியது. வெடிப்பதற்கு முந்தைய பதினொரு நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்த அலாரம் 275. அத்தனையையும் படித்து, புரிந்து, எது முதலில் என்று முடிவு செய்ய யாரால் முடியும்? 26 பேர் காயமடைந்தார்கள். ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்தில் பத்துக்கு மேல் வந்தாலே அலாரம் வெள்ளம் என்று இன்று தரநிலைகள் எண்ணுகின்றன. ஓர் ஆபரேட்டருக்கு ஒரு நாளைக்கு 150 வரை தாங்கும், 300க்கு மேல் போனால் சமாளிக்க முடியாது. உங்கள் மென்பொருளில் ஒரு வாரப் பதிவை எடுத்து, எந்தப் பாயிண்ட் எத்தனை தடவை அடித்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். மேலே நிற்கும் பத்துப் பாயிண்டைச் சரிசெய்தாலே ராத்திரி அமைதியாகிவிடும். அங்கிருந்து தொடங்குவதே நல்லது, நானூறையும் ஒரே மூச்சில் தொடாதீர்கள்.

முன்னுரிமை விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை: நூறில் எண்பது சாதாரணம், பதினைந்து நடுத்தரம், ஐந்து மட்டும் உச்சம். எல்லாம் அவசரம் என்றால் எதுவுமே அவசரம் இல்லை.

அலாரத்தில் வரும் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். "எல்டி-201 லோ" என்று வந்தால் உங்களுக்கும் எனக்கும் புரியும். ராத்திரி சிப்டில் இருப்பவர் தமிழராகவும் இருக்கலாம், மலாய்க்காரராகவும் இருக்கலாம், நேபாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். அவர்கள் எல்லோரும் ஆலையில் பேசிக்கொள்வது எளிய மலாய். அதிலேயே எழுதுங்கள்: எந்த இடம், என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும். "ஃபீட் தொட்டி தண்ணீர் குறைவு, பம்பு 2 போடு" என்ற அளவில் போதும். எழுதியதைத் திரையில் ஏற்றும் முன் அந்த சிப்டு ஆட்களிடமே காட்டி, இதைப் பார்த்தால் எங்கே போவீர்கள் என்று கேளுங்கள். சரியான இடத்தைக் கை காட்டினால் எழுத்து நன்றாக இருக்கிறது.

கைப்பேசிக்கு அனுப்பும் செய்தி வேறு. மேனேஜர் எல்லாம் தன் போனுக்கு வர வேண்டும் என்று ஆசைப்படுவார். உச்ச முன்னுரிமையும், குறித்த நேரத்துக்குள் யாரும் அக்னாலெட்ஜ் செய்யாத, அதாவது பார்த்துவிட்டேன் என்று அழுத்தாத, நடுத்தரமும் மட்டும் அனுப்புங்கள். தோட்டத்துக்குள் சிக்னல் இல்லாத மூலைகள் இருக்கும் என்பதால், செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி எந்தப் பாதுகாப்பையும் கட்டாதீர்கள்.

கருவி பழுதாகி ஸ்பேர் வரும்வரை ஓர் அலாரத்தை ஒதுக்கி வைக்க வேண்டிவந்தால், ஷெல்விங் வசதியைப் பயன்படுத்தி ஒரு சிப்டு அளவுக்கு நேரம் வைத்து ஒதுக்குங்கள். நேரம் முடிந்ததும் தானே திரும்பி வரும். எல்லையை 999க்கு மாற்றி வைப்பது வேண்டாம், அதை மறுபடி பழைய எண்ணுக்கு மாற்ற யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் காரணம், செயல், ஆளுக்கு இருக்கும் நேரம், மாற்றியவர், தேதி என்று ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேறு ஆலைக்கு மாறிப் போனாலும் அடுத்து வருபவருக்கு அந்த 40 எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

கடைசியாகச் சோதனை. மென்பொருளில் எண்ணைத் தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஆலை நிற்கும் நாளில் டிரான்ஸ்மிட்டர் முனையில், வேண்டிய கரன்ட்டைக் கொடுக்கும் லூப் கேலிபிரேட்டரை மாட்டி, ஃபீட் தொட்டியின் மட்டத்துக்கு 10.4 மில்லிஆம்பியர் கொடுங்கள். அதுதான் 40 விழுக்காடு. 10.3க்கு இறக்கி 60 நொடி காத்திருங்கள், மணி அடிக்க வேண்டும். மெதுவாக ஏற்றுங்கள், 11.2இல், அதாவது 45 விழுக்காட்டில், அடங்க வேண்டும். பிறகு வயரைக் கழற்றுங்கள். கருவி பழுது என்று மட்டும் வர வேண்டும், லோ வரக்கூடாது. மூன்றும் சரியாக வந்தால், அந்தப் பாயிண்டின் மணிச் சத்தத்தைப் பாயிலர்மேன் கையாலேயே திரும்பப் போடச் சொல்லிவிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போங்கள்.